பன்னிரண்டாவது பை

அந்தச் சலவைக்கடையில் ஒருமுறை சட்டை போட்டவர்கள் வேறு கடைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. வெளுப்பு காரணமில்லை. வெளுப்பு எல்லாக் கடையிலும் ஒன்றுதான். சோப்பும் தண்ணீரும் கடைக்கொரு தினுசாக வருவதில்லை. காரணம் மடிப்பு. காலர் நிமிர்ந்து, பொத்தான் வரிசை நட்டநடுவில் நின்று, கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் அடங்கி, நான்கு மூலையும் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். பெட்டியில் போட்டு மூன்று நாள் ரயிலில் குலுங்கினாலும் கலையாது. மடிக்கிறவளுக்கு ஊரில் மடிப்பக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர், ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் பட்டியலைப் பார்த்து யாராவது வாசித்தால்தான் அவளுக்கே ஞாபகத்துக்கு வரும்.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் ஒரு திரை. இஸ்திரி போடுவது இன்னொருத்தி. மடிப்பக்கா அவளை அண்ணி என்பாள். அண்ணிக்கு வாய் உண்டு. துணி வாங்க வருகிறவர்களிடம் மழையில் ஆரம்பித்து மந்திரிசபை வரைக்கும் பேசி அனுப்புவாள். மடிப்பக்காவோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அண்ணியின் இஸ்திரியில் ஒரு சுருக்கம் காட்ட முடியாது. ஆனால் மடிக்கச் சொன்னால் போச்சு. கடை திறந்த புதிதில் அவள் மடித்துக் கொடுத்த சட்டையைப் பார்த்த தபால்காரர், இதன்மேல் யாராவது உட்கார்ந்தார்களா என்று மரியாதையாகக் கேட்டார். சூடு உங்களோடது, மடிப்பு என்னோடது என்று அன்றைக்கே மடிப்பக்கா பாகம் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அண்ணி ஒரு கைக்குட்டையைக்கூட மடித்ததில்லை.

பார்ப்பவர்கள் அண்ணியும் நாத்தனாரும் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் மறுத்ததில்லை. உண்மையில் ரத்த உறவும் கிடையாது, கல்யாண உறவும் கிடையாது. ஒரே விமானத்தில் போன இரண்டு ஆண்கள் திரும்பி வரவில்லை. அதுதான் உறவு.

யுத்தம் நடந்த நாளில் மடிப்பக்காவுக்கு இருபத்திரண்டு வயது. விமானத் தளத்தின் ஓரத்தில், பாராசூட் மடிக்கிற கொட்டகையில் வேலை. அங்கே யாரும் பாராசூட் என்று சொல்ல மாட்டார்கள், குடை என்பார்கள். உலர்ந்த குடையை நீளமான மேஜையில் பரப்பி, புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற மாதிரி மடல் மடலாக மடித்துக்கொண்டு போக வேண்டும். பட்டு சொன்ன பேச்சைக் கேட்காது. இந்தப் பக்கம் படிந்தால் அந்தப் பக்கம் நழுவும். நழுவாமல் இருக்க மேலே வைப்பதற்கென்று ஈயக் குண்டு நிரப்பிய சின்னக் கான்வாஸ் பைகள் உண்டு. உள்ளங்கை அளவு, மேஜைக்குப் பன்னிரண்டு. மடித்து முடித்ததும் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை ஓரத்தில் வரிசையாக வைத்து எண்ண வேண்டும். பன்னிரண்டும் இருந்தால்தான் குடையை உறைக்குள் அடைத்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு, அந்த அட்டையை உறையில் செருகலாம். ஒரு பை உள்ளே தங்கிப்போனால் நூல்களில் சிக்கிக்கொள்ளும், குடை விரியாது. வேலைக்கு வந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

கொட்டகையின் மேற்பார்வை அம்மாளுக்கு வேறு பேச்சே கிடையாது. ஒவ்வொரு மேஜையாக வந்து, "பன்னெண்டா?" என்பாள். "பன்னெண்டு" என்று சொல்ல வேண்டும். அதனாலேயே அவள் பன்னெண்டம்மா. அவளுடைய இன்னொரு சட்டம், சொந்தக்காரர்களுடைய குடையை யாரும் தொடக்கூடாது என்பது. பாசம் வந்தால் கவனம் போய்விடும் என்பாள். பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். மடிப்பக்காவும் சிரித்தவள்தான்.

அவளுடைய தம்பி அதே தளத்தில் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தான். பத்தொன்பது வயது. சின்ன வயதில் அடங்காப்பிடாரி, வீட்டில் எல்லோரும் வாலு வாலு என்று கூப்பிட்டே வளர்த்தார்கள். கடைசியில் விமானத்தின் வால் பக்கம் கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு உட்கார வைத்துவிட்டார்கள். பொருத்தமாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த விமானத்தில் ஏழு பேர். வழி பார்த்துச் சொல்கிறவரை எல்லோரும் மேப்புக்காரர் என்பார்கள். வாலு அவரை அண்ணன் என்றுதான் சொல்வான். அவருக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்; மனைவி ஊருக்குள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. குடைகளை வைக்கிற அலமாரி அறையில் கூரை ஒழுகி, அந்த விமானத்துக் குடைகளில் இரண்டு நனைந்துவிட்டன. மத்தியானம் மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், பன்னெண்டம்மா சாமான் கிடங்கில் இருந்தாள். வாலு மழையில் ஓடி வந்தான். ஒரு மணி நேரத்தில் லாரி வந்துவிடும், நனைந்ததற்கு மாற்றாக இரண்டு உலர்ந்த குடை வேண்டும், ஒன்று தனக்கு, ஒன்று அண்ணனுக்கு என்றான். வேறு யாராவது வரட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை. தம்பி மார்பில் மாட்டுகிற குடையை வேறொருத்தி மடிப்பதா என்று எத்தனையோ நாள் மனதுக்குள் பொருமியிருக்கிறாள்.

அவள் மடிக்க மடிக்க அவன் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ரொட்டியைத் தின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தான். எல்லோருக்கும் வழி சொல்கிற அண்ணன், முந்தின நாள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி அதிகாரிகளின் குளியலறைக்குள் போய் நின்ற கதையைச் சொன்னான். குளித்துக்கொண்டிருந்த அதிகாரிக்குச் சல்யூட் வேறு அடித்தாராம். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே முதல் குடையை உறைக்குள் அடைத்தாள். அடைக்குமுன் பைகளை எண்ணவில்லை. இரண்டையும் முடித்துவிட்டுச் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தாளா, நினைக்கவே இல்லையா என்பது பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதையும் முடித்து இரண்டு அட்டையிலும் கையெழுத்துப் போட்டாள்.

"எது எனக்கு?" என்றான் வாலு.

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் நான் மடிச்சது."

"அப்போ இது எனக்கு, அது அண்ணனுக்கு" என்று கையில் கிடைத்த கணக்கில் எடுத்துக்கொண்டு, இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றாக இடுக்கி, அவளுடைய ரொட்டியில் மிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மழையில் ஓடினான். வாயில் ரொட்டி இருந்ததால் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அவள் பைகளை வரிசையாக வைத்தாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தாள். குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். மற்ற மேஜைகளில் யாராவது எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எல்லா மேஜையிலும் ஒழுங்காகப் பன்னிரண்டு இருந்தது. கிடங்கிலிருந்து பன்னெண்டம்மா வந்து, நனைந்த காலணியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"பன்னெண்டா?"

"பன்னெண்டு" என்றாள் மடிப்பக்கா.

சுவரில் தொலைபேசி இருந்தது. எடுத்துச் சொன்னால் லாரியை நிறுத்துவார்கள். இரண்டு குடையையும் பிடுங்கிப் பிரிப்பார்கள். விமானம் கிளம்ப அரைமணிக்கு மேல் நேரம் இருந்தது. வேலை போய்விடும் என்பது ஒரு பயம். சட்டத்தை மீறி அக்காவிடம் வாங்கிப்போனான் என்று தம்பியை விசாரணைக் கூண்டில் ஏற்றுவார்கள் என்பது இன்னொரு பயம். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்: குடையை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் குதிக்கிறார்கள், பாதிப்பேர் அதைத் தலைக்கு வைத்துப் படுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் திரும்பி வந்ததும் தானே வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டால் போயிற்று. மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கு அளவு உண்டா என்ன? அவள் சொல்லி முடிப்பதற்குள் இயந்திரங்கள் இரைய ஆரம்பித்துவிட்டன.

மறுநாள் காலையில் அந்த விமானம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தந்தி வந்தது. பணியின்போது காணவில்லை. செத்துப்போனான் என்றால் அழுது தீர்த்துவிடலாம். காணவில்லை என்றால் என்ன செய்வது? அம்மா வாசல் கதவைத் தாழ் போடாமல் படுக்க ஆரம்பித்தாள். சாகிற வரைக்கும் அப்படித்தான் படுத்தாள். மடிப்பக்கா தன் வேலை உடுப்பின் கான்வாஸ் பட்டியை அறுத்து, ஒரு சின்னப் பை தைத்து, உள்ளே ஆணிகளை நிரப்பி, மேஜையில் பன்னிரண்டாவதாக வைத்தாள். யுத்தம் முடிகிற வரைக்கும் அந்தப் பொய்ப் பையோடுதான் வேலை செய்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் மடித்த மற்றக் குடைகளில் ஒன்றுகூடப் பழுது என்று வந்ததில்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எண்ணினாள்.

தந்தி வந்த மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்று, மேப்புக்காரருடைய குடையை மடித்தது யார் என்று கேட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். மடிப்பக்கா முன்னால் போனாள். அடித்தாலும் பரவாயில்லை, அடித்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது. வந்தவள் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணினார். இன்னிக்குக் குடை நம்ம வாலுவோட அக்கா மடிச்சது, நீ நிம்மதியா இருன்னு சொன்னார். அந்தக் கையைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். மடிப்பக்காவின் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை. "வாங்கண்ணி" என்றாள்.

வார்த்தை நிலைத்துவிட்டது. வாடகை அறையில் தனியாக இருக்க முடியவில்லை என்று அண்ணி மடிப்பக்காவோடு வந்து தங்கினாள். யுத்தம் முடிந்து கொட்டகையை மூடினார்கள். மடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவளுக்கு என்ன வேலை கிடைக்கும்? அண்ணிதான் சலவைக்கடை யோசனையைச் சொன்னாள். சாமர்த்தியக்காரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை சூடுபிடித்துவிட்டது. வருடத்தில், விமானம் போன அந்த ஒரு நாள் மட்டும் கடைக்கு விடுமுறை. விமானத்துக்கு முன்னால் ஏழு பேரும் நிற்கிற படத்தை அண்ணி மேஜைமேல் வைப்பாள். மேப்புக்காரர் காமிராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அங்கேயும் வழி தப்பிவிட்டது பார் என்று சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்று, ஒவ்வொரு வருடமும் அதே வார்த்தையைச் சொல்வாள்: "நீ மடிச்ச குடை. எங்கயாவது நல்லபடியா இறங்கியிருப்பார்."

மடிப்பக்கா தலையாட்டுவாள்.

அந்தத் தலையாட்டலில் தொடங்கியதுதான் எல்லா வினையும். அண்ணிக்கு முப்பத்தொரு வயதானபோது பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் கடைக்கு வர ஆரம்பித்தார். மனைவியை இழந்தவர், அமைதியானவர். வாரத்துக்கு நான்கு சட்டை. அழுக்கே இல்லாத சட்டையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் தைரியத்தை எல்லாம் திரட்டிக் கேட்டுவிட்டார். அண்ணிக்கு அவரைப் பிடித்திருந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மடிப்பக்காவிடம் வந்தாள். என் வீட்டுக்காரர் எங்கேயாவது சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ கிடந்து, ஒருநாள் வந்து நின்றால் நான் எந்த முகத்தோடு பார்ப்பேன், குடை உன் கையால் மடித்ததாயிற்றே, விரியாமலா போயிருக்கும் என்றாள். அவள் கேட்டது யோசனை. இல்லை அண்ணி, நம்பிக்கை வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். மடிப்பக்கா தலையாட்டினாள். விரிந்திருக்கும் என்று ஆட்டினாள். வாத்தியார் அந்த வருடக் கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியாகப் போட்ட நான்கு சட்டையை வாங்க அவர் வரவே இல்லை. அலமாரியின் மேல் தட்டில் மடிப்புக் கலையாமல் பல வருடம் இருந்தன.

அவளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணிக்குக் காய்ச்சல் என்றால் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பவள் அவள். அண்ணிக்குப் பிடிக்கும் என்று தனக்குப் பிடிக்காத வானொலி நாடகத்தை முப்பது வருடம் கேட்டவள். அவளுக்குள் ஒரு கணக்கு ஓயாமல் ஓடியது: இரண்டு குடை, ஒரு பை. தம்பியுடையதிலா, மேப்புக்காரருடையதிலா? ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அது மேப்புக்காரருடையதில் இருந்திருக்கட்டும் என்று மனசு தெளிவாகச் சொன்னது. பக்கத்து அறையில் அண்ணி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பக்காவுக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். ஆனால் அந்த நினைப்பு போகவில்லை. வேண்டிக்கொள்கிற மாதிரி தினமும் வந்தது.

நாற்பத்தாறு வருடம் கழித்து, எல்லைக்கு அப்பால் வேறொரு நாட்டில், அணையைப் பழுதுபார்க்க நீர்த்தேக்கத்தை வடித்தார்கள். சேற்றில் ஒரு விமானம் கிடந்தது. விமானப்படையின் பதிவு அலுவலகத்திலிருந்து முதலில் கடிதம் வந்தது, பிறகு ஒரு முற்பகலில் அதிகாரியே வந்தார். இளைஞர். கையில் தோல்பை. கடையின் மடிப்பு மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி தேநீர் போட்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை.

விமானத்துக்குள் ஐந்து பேர் இருந்தார்கள் என்றார் அதிகாரி. வாலு அவனுடைய கண்ணாடிக் கூண்டிலேயே இருந்தான். துப்பாக்கிக் குண்டு பட்டு உடனேயே உயிர் போயிருக்க வேண்டும். அவனுடைய குடை, கூண்டுக்கு வெளியே மாட்டி வைத்த கொக்கியிலேயே இருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை. உறையைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே மடிப்பு மடிப்பாக அப்படியே இருந்தது என்று சொல்லி, பழுப்பேறிய ஒரு அட்டையின் படத்தைக் காட்டினார். அவளுடைய கையெழுத்து.

மடிப்பக்கா நாற்பத்தாறு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். தம்பி போனது தன்னால் இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணி அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவுகிற கையின் சூடு பட்ட பிறகுதான், கணக்கில் இன்னொரு குடை மிச்சமிருப்பது அவளுக்கு உறைத்தது.

மற்ற இரண்டு பேர் குதித்தார்கள் என்றார் அதிகாரி. ஒருவர் உயிரோடு இறங்கி, கைதிகள் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். அது முன்பே பதிவில் இருந்தது. இன்னொருவர் அணைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் விழுந்தார். பண்ணைக்காரர் யார் எவர் என்று தெரியாமல் புதைத்து வைத்தார். விமானம் கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, பண்ணைக்காரருடைய மகள் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி குரலைத் தாழ்த்தி, மேப்புக்காரருடைய மோதிரத்தை அண்ணியின் முன்னால் வைத்தார். மோதிரத்துக்கு உள்பக்கம் அண்ணியின் பெயர் இருந்தது.

"குடை விரியலைம்மா" என்றார். "ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்."

அண்ணி மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. அழவில்லை. அதிகாரி தயங்கிவிட்டு, டப்பாவிலிருந்து இன்னொரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கை அளவுக் கான்வாஸ் பை. கறுத்துப்போயிருந்தது. வைத்தபோது கனமாகச் சத்தம் கேட்டது.

"இதுவும் அவரோட நூல்ல சிக்கிக் கிடந்துச்சாம். இது என்னன்னு எங்க ஆளுங்க யாருக்கும் பிடிபடலை. நீங்க அந்தக் கொட்டகையில இருந்தவங்களாச்சே, உங்களுக்குத் தெரியுமா?"

மடிப்பக்கா அதைக் கையில் எடுக்கவில்லை. எடுக்காமலே எடை தெரிந்தது.

"தெரியலை" என்றாள்.

அதிகாரி அதைத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொண்டார். எலும்புகளை நாட்டுக்குக் கொண்டுவருகிற ஏற்பாடுகளைச் சொன்னார், காகிதங்களில் கையெழுத்து வாங்கினார், இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அண்ணி குவளைகளை எடுத்தாள். எடுத்தவள் நின்று, மடிப்பக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழுத முகம். அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"உன்மேல ஒண்ணும் தப்பில்ல. மனசை அலட்டிக்காதே. நூல் பழசா இருந்திருக்கும், இல்ல மழை ஈரம் ஏதாவது இருந்திருக்கும். உன் மடிப்பு தப்பாது, எனக்குத் தெரியாதா?"

அதிகாரி திட்டியிருந்தால்கூட மடிப்பக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"அண்ணி, அது என்னன்னு எனக்குத் தெரியும். அது என் மேஜையில இருந்த பை. அன்னிக்கு எண்ணிப் பார்த்தப்போ பதினொண்ணுதான் இருந்தது."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. கொட்டகைக் கதையெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்; பன்னெண்டம்மாவைப்போல் நடித்துக் காட்டியே எத்தனை நாள் சிரித்திருக்கிறார்கள். ஆகவே புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. குவளைகளைக் கீழே வைத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, கீழே போட்டுவிடக் கூடாதே என்கிற மாதிரி வைத்தாள்.

எப்போது தெரியும் என்று கேட்டாள். தம்பி வாசலைத் தாண்டின உடனே என்றாள் மடிப்பக்கா. விமானம் கிளம்புவதற்கு முன்னாலா என்று கேட்டாள். அரைமணிக்கு மேல் நேரம் இருந்தது, தொலைபேசி சுவரில் இருந்தது, எடுக்கவில்லை, பயந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் மடிப்பக்கா சொன்னாள். பொய்ப் பை தைத்ததைச் சொன்னாள். பாத்திரம் தேய்க்கும்போது வந்த நினைப்பையும் சொன்னாள். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் திறந்த வாயை அவளால் மூட முடியவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டே நின்றாள். விரலில் மோதிரம் சுற்றிச் சுற்றி நழுவியது. வெளியே யாரோ துணியோடு வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"பையை விடு" என்றாள் அண்ணி கடைசியில். குரல் உயரவே இல்லை. "இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. கை தவறும். பயம் வரும். அதை நான் மன்னிச்சிடுவேன். இன்னிக்கு இல்லாட்டியும் என்னிக்காவது மன்னிச்சிடுவேன். வாத்தியார் கேட்டப்போ உன்கிட்டதானே வந்து கேட்டேன்? எனக்கு முப்பத்தொண்ணு அப்போ. தலையாட்டினியே."

மடிப்பக்காவுக்கு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது அந்த இடத்தில் வெட்கம்கெட்ட வார்த்தையாகத் தோன்றியது. அண்ணி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டி கட்டுகிற சத்தம் வருமோ என்று மடிப்பக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. எழுபது வயதில் அவள் எங்கே போவாள்? போக இருந்த இடத்தைத்தான் இவள் தலையாட்டி அடைத்துவிட்டாளே.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு அண்ணி கடைக்கு வந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். மோதிரத்தை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். மடிப்பக்காவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்த இடத்தில் ஆள் இல்லாதது போல இருந்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, முதல் சட்டையை விரித்தாள். காலர், தோள், கை, முதுகு என்று நாற்பத்துச் சொச்சம் வருடமாகச் செய்கிற வரிசை மாறாமல் தேய்த்தாள். தேய்த்த சட்டையை வலப்பக்கம் தள்ளிவிடுவாள், மடிப்பக்கா எடுத்து மடிப்பாள். மடிப்பக்கா கையை நீட்டினாள்.

அண்ணி சட்டையைத் தள்ளவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, சட்டையைக் குப்புறப் போட்டு, தானே மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வரவில்லை. ஒரு கை உள்ளே அடங்கியது, இன்னொரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலர் ஒரு பக்கம் சாய்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பிரித்து மறுபடி மடித்தாள். இன்னும் மோசமாக வந்தது. அதை அப்படியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த சட்டையை விரித்தாள்.

மாலைக்குள் அலமாரி நிறைந்துவிட்டது. வந்து வாங்கியவர்கள் கோணல்மாணலான மடிப்பைப் பார்த்தார்கள், மேஜைக்குப் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மடிப்பக்காவைப் பார்த்தார்கள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அவள் இல்லை என்று தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று வாயைத் திறந்து சொன்னாள்.